வானத்தில் கண் இருந்தாலும் வரப்பில் கால் வேண்டும்

(தொழில்நுட்பமும் நம் உணவும் என்ற பொருளில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. விவசாயமும் படித்ததில்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, பதினோரு ஆண்டுகளாகக் கேமராவுக்கு முன்னால் நின்று பேசிக் கொண்டிருப்பவள். ஆகவே எனக்குத் தெரிந்த பொருளிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த பொருள் படம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்காகச் சிகிஞ்சான் நெல்வயல்களுக்குப் போயிருந்தோம். பொங்கல் என்னவோ ஜனவரியில்தான். ஆனால் பச்சைப் பசேலென்று வயல் வேண்டும் என்பதற்காக அக்டோபர் மாதமே படப்பிடிப்பை வைத்துக் கொண்டோம். எங்கள் ஒளிப்பதிவாளர் டிரோனை மேலே அனுப்பினார். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருந்தது. அதிலும் ஒரு மூலை மட்டும் மற்ற இடங்களைவிட அடர்த்தியான பச்சை. "நிகழ்ச்சியின் முதல் காட்சி இதுதான்" என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம்.

வயலின் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டிய சீனர். அங்கிள் என்றுதான் அழைத்தோம். அவரும் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார். நாங்கள் ரசித்த அதே மூலையைக் காட்டி, "இந்த இடம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார் மலாய் மொழியில். எனக்குப் புரியவில்லை. மிகவும் அழகாக இருப்பதே அந்த இடம்தானே!

அவர் ஒன்றும் விளக்கவில்லை. வரப்பில் இறங்கி நடந்தார். நானும் காலணியைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். அந்த மூலையில் குனிந்து நெற்பயிரை இரு கைகளாலும் விலக்கிக் காட்டினார். மேலே பச்சை. அடியில் இருந்த இலைகளில் கண் வடிவத்தில் புள்ளிகள். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. "கராஹ்" என்றார். நம் தமிழ்நாட்டு விவசாயிகள் குலை நோய் என்று சொல்வது இதைத்தான். நெற்பயிரைத் தாக்கும் பூஞ்சை நோய்களில் மிகவும் பொல்லாதது இது.

அந்த மூலையில் யூரியா உரம் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டதாம். தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகவும் மென்மையாகவும் வளரும். நம் கண்ணுக்கு அது செழிப்பு. பூஞ்சைக்கோ அது விருந்து. எங்கள் கேமரா அழகு என்று காட்டிய இடத்தில்தான் நோய் குடியேறியிருந்தது.

அப்போது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் படத்தை எனக்கு எப்போது தருவீர்கள்?" நான், "பொங்கலன்று ஒளிபரப்பாகும் அங்கிள், கட்டாயம் பாருங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "பொங்கலுக்கு என் நெல் ஆலைக்கே போயிருக்கும்" என்றார்.

அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. இன்றைய என் உரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இலை சொல்லும் இரகசியம்

படத்தைக் கொண்டு பயிர் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? எனக்குப் புரிந்த வரையில் எளிமையாகச் சொல்கிறேன்.

இலையில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக் கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஒளியும் இருக்கிறது. அதுதான் அகச்சிவப்பு ஒளி. சிவப்பை அடுத்திருக்கும் அந்த ஒளியை ஆரோக்கியமான இலை கண்ணாடி போல் பெருமளவில் திருப்பி அனுப்பிவிடும். இலைக்குள்ளே இருக்கும் உயிரணுக்களின் அமைப்பே இதற்குக் காரணம்.

பூஞ்சை இலைக்குள் புகுந்து உயிரணுக்களைச் சிதைக்கும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பச்சையம் குறைவதால் திரும்பி வரும் சிவப்பு ஒளி கூடுகிறது. உள்ளமைப்பு குலைவதால் அகச்சிவப்பு ஒளி குறைகிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு, வயலின் எந்த இடம் நலம், எந்த இடம் நலமில்லை என்று வண்ண வரைபடமாகத் தந்துவிடலாம்.

இன்னொரு வழி வெப்பப் படம். நாம் வியர்ப்பது போல, இலையும் தன் நுண்துளைகளின் வழியே நீராவியை வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. நோய் வந்தால் இந்த வேலையில் கோளாறு ஏற்படும். இலையின் வெப்பம் மாறும். சில நோய்களில் கண்ணுக்குப் புள்ளி தெரிவதற்கு முன்பே இந்த மாற்றத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். ஆனால் திறந்த வயலில் காற்று வீசினாலும் மேகம் மறைத்தாலும் இலையின் வெப்பம் மாறிவிடும். அதனால் வெளியில் அது அவ்வளவு எளிதல்ல.

போர்க்களத்திலிருந்து வயலுக்கு

இது நேற்று முளைத்த தொழில்நுட்பம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது எதிரிகள் பீரங்கிகளை வெட்டிய மரக்கிளைகளால் மூடி மறைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு எல்லாம் பச்சைதான். ஆனால் அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தால், உயிருள்ள இலை சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். வெட்டப்பட்டு வாடும் இலை மங்கிப் போகும். மறைவிடம் காட்டிக் கொடுக்கப்பட்டுவிடும்.

சாகும் இலையைக் காட்டும் இந்தப் படச்சுருள், நோயுற்ற பயிரையும் காட்டாதா? இந்த வழியில் சிந்தித்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கோல்வெல். தானியப் பயிர்களில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஆகாயப் படங்களின் மூலம் கணிப்பது பற்றி 1956ஆம் ஆண்டிலேயே அவர் விரிவான ஆய்வை வெளியிட்டார்.

இதற்குப் பெரிய சோதனை அமெரிக்காவில் வந்தது. 1970ஆம் ஆண்டு அங்கே சோளப் பயிரை, அதாவது நாம் மக்காச்சோளம் என்று சொல்வதை, ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. இலைக் கருகல் நோய். அந்நாட்டில் பயிரிடப்பட்ட சோளத்தில் பெரும்பகுதி ஒரே வகைத் தாய் விதைப் பின்னணி கொண்டது. அந்த ஒரு வகையைத்தான் அந்தப் பூஞ்சை பதம் பார்த்தது. விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போய்விட்டது. நட்டம் ஏறக்குறைய 100 கோடி டாலர்.

மறு ஆண்டு, 1971இல், நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் பர்டியூ பல்கலைக்கழகமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ஒரு பெரிய கண்காணிப்பை நடத்தின. ஏழு மாநிலங்களின் சோளக்காடுகளுக்கு மேல், ஏறக்குறைய 60,000 அடி உயரத்தில், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை விமானம் பறந்து அகச்சிவப்புப் படம் எடுத்தது. அதே சமயத்தில் கீழே வேளாண் அலுவலர்கள் குறிப்பிட்ட வயல்களுக்கு நேரில் போய் இலையைப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ முற்றிய வயல்களைப் படத்தில் பிரித்தறிய முடிந்தது. ஆனால் நோய் தொடங்கும் நிலையில் போதிய அளவு கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லவேளையாக அந்த ஆண்டு வானிலையும் விதை மாற்றமும் கைகொடுத்தன. நோய் முந்தைய ஆண்டைப் போல் தலைவிரித்து ஆடவில்லை.

அந்த ஆய்வாளர்கள் இந்தக் குறையை மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படைச் சிக்கல் அதுதான். முற்றிய நோயைப் படம் நன்றாகவே காட்டும். முளையிலேயே கிள்ள வேண்டிய நேரத்தில்தான் அது தடுமாறுகிறது.

பூஞ்சை காத்திருக்காது

குலை நோய்ப் பூஞ்சையின் வேகத்தைக் கேட்டால் நமக்கே மலைப்பாக இருக்கும். ஈரமான இலையின் மேல் அதன் வித்து ஒட்டிக் கொள்கிறது. சிறு குமிழ் போல் ஓர் உறுப்பை வளர்த்து, அதற்குள் அழுத்தத்தை ஏற்றி, இலையின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அந்த அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 80 மடங்கு வரை போகுமாம். நம் கார் டயரில் நாம் அடிக்கும் காற்று அதற்குப் பக்கத்தில்கூட வராது. சில நாட்களில் புள்ளி தெரிகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஆயிரக்கணக்கில் புது வித்துகளைக் காற்றில் விடுகிறது. கதிர் வரும் நேரத்தில் கழுத்தைத் தாக்கிவிட்டால் கதிரில் மணி பிடிக்காது, வெறும் பதர்தான்.

இதே பூஞ்சையின் இன்னொரு வகை கோதுமையைத் தாக்குகிறது. 1985இல் பிரேசிலில் முதன்முதலாகக் கண்டார்கள். முப்பது ஆண்டுகள் தென் அமெரிக்காவிலேயே இருந்த அந்த நோய், 2016 பிப்ரவரியில் திடீரென்று பங்களாதேஷில் தலை காட்டியது. ஏறக்குறைய 15,000 ஹெக்டர் கோதுமை பாதிக்கப்பட்டது. அரசாங்க விதைப் பண்ணைகளில் நின்ற பயிரைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். 2018இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் அது காணப்பட்டது.

கோதுமையில் இந்த நோய் கதிரைத்தான் குறிவைக்கிறது. பசுமையான வயலில் கதிர்கள் மட்டும் வெளுத்துப் போகும். வானத்திலிருந்து படம் எடுத்தால் அந்த வெளுப்பு தெரியும். ஆனால் தெரியும்போது மருந்தடித்துப் பயனில்லை. அதனால்தான் பங்களாதேஷில் வானிலையை வைத்து முன்கூட்டியே எச்சரிக்கும் முறையை அனைத்துலக ஆய்வாளர்களும் உள்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து உருவாக்கினார்கள். இத்தனை வெப்பம், இத்தனை ஈரப்பதம் இருந்தால் நோய் வரக்கூடும் என்று சொல்லும் முறை அது. நடந்து முடிந்ததைச் சொல்வது படம். நடக்கப் போவதைச் சொல்வது வானிலைக் கணக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

மேகமும் மேனியும்

இப்போது ஐரோப்பாவின் செண்டினல் 2 துணைக்கோளங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உலகின் நிலப்பரப்பைப் படம் எடுக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக அதைப் பெறலாம். ஆனால் அதில் மிகக் கூர்மையான படத்திலும் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெற்குத்துகள் அடங்கிவிடும். நான்கு குத்துகளில் தொடங்கும் நோயை அது எப்படிக் காட்டும்? மேலும் நம் நாட்டு வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேகம்தான் படத்தில் இருக்கும். மழைக்காலத்து ஈரத்தில்தான் பூஞ்சையும் வளரும்.

டிரோன் மேகத்துக்குக் கீழே பறப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இலையளவு நெருக்கமாகவும் பார்க்கலாம். ஆயினும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் போதாமல் இலை மஞ்சளாகும். உரம் போதாமலும் மஞ்சளாகும். பூச்சி கடித்தாலும் பூஞ்சை தாக்கினாலும் அப்படித்தான். வண்ண வரைபடத்தில் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டுதான். அதை மட்டும் பார்த்து மருந்தடித்தால், தண்ணீர் கேட்ட பயிருக்கு நஞ்சு கொடுத்த கதையாகிவிடும். எங்கள் படப்பிடிப்பில் நடந்தது போல, உரம் கூடிப் போன மூலை வரைபடத்தில் முதல் மாணவனாகக்கூட வந்து நிற்கலாம்.

'கைத்தொலைபேசியில் இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லிவிடுமே' என்று இளைஞர்கள் கேட்பீர்கள். உண்மைதான், அத்தகைய செயலிகள் வந்துவிட்டன. அவற்றால் பயனும் உண்டு. ஆனால் 2016இல் வெளிவந்த புகழ்பெற்ற ஓர் ஆய்வைக் கேளுங்கள். 54,306 இலைப் படங்களைக் கணினிக்குக் காட்டி, 14 வகைப் பயிர்களையும் 26 நோய்களையும் அடையாளம் காணப் பழக்கினார்கள். சோளத்தைத் தாக்கும் துரு நோயும் அதில் அடங்கும். சோதித்தபோது 99 விழுக்காட்டுக்கும் மேல் சரியான விடை! பிறகு வேறு சூழ்நிலையில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டினார்கள். சரியான விடை 31 விழுக்காடாக இறங்கிவிட்டது.

காரணம், பழக்கிய படங்களில் பெரும்பாலானவை இலையைக் கிள்ளி, வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் இருக்கும் இலையோ காற்றில் ஆடும், மற்றோர் இலையின் நிழல் விழும், சேறு தெறித்திருக்கும். கலையகத்தில் ஒப்பனையோடு எடுத்த என் படத்தை மட்டும் பார்த்துப் பழகியவர், காலையில் மார்க்கெட்டில் மீன் வாங்கும் என்னை அடையாளம் காண முடியாமல் தடுமாறுவது போலத்தான் இது. (சிரிப்பொலி) அதன் பிறகு எவ்வளவோ முன்னேற்றம் வந்திருக்கிறது. வயலிலேயே எடுத்த படங்களைக் கொண்டு இப்போது பழக்குகிறார்கள். ஆனால் ஒரு செயலி 99 விழுக்காடு என்று விளம்பரம் செய்தால், 'எங்கே எடுத்த படத்தில்?' என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

நமக்கு என்ன?

'நாங்கள் அரிசியைக் கடையில் வாங்குகிறோம், வயலைப் பற்றி எங்களுக்கு என்ன?' என்று சிலர் நினைக்கலாம். 2023ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? அந்த ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் முதல் தேதி நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. உள்ளூர் அரிசியைத் தேடிக் கடைகடையாக அலைந்தோம். அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அதற்குக் காரணம் பூஞ்சை இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கோ ஓரிடத்தில் கதவு மூடினால் நம் வீட்டுப் பானையில் அது எதிரொலிக்கும் என்பதை அன்று கண்டோம். நம் மண்ணில் விளையும் ஒவ்வொரு மூட்டையும் நமக்கு முக்கியம்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, டிரோன் வாங்க ஒதுக்கும் பணத்தோடு, வயலில் இறங்கி நடக்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். படம் 'எங்கே' என்று சொல்லும். 'என்ன' என்று சொல்ல, இலையை விலக்கிப் பார்க்கத் தெரிந்த மனிதர் வேண்டும். நூறு ஏக்கரையும் நடந்து பார்க்க வேண்டியதில்லை. படம் காட்டும் ஐந்து இடங்களுக்குப் போனால் போதும். அதுவே பெரிய உதவி. மருந்தையும் வயல் முழுவதும் அடிக்காமல் தேவையான இடத்தில் மட்டும் அடிக்கலாம். விவசாயியின் காசும் மிச்சம், நம் வாய்க்கால் தண்ணீருக்கும் நல்லது.

இரண்டாவது, எடுத்த படம் அன்றைக்கே விவசாயியின் கைக்குப் போக வேண்டும். ஆய்வு முடிந்து, அறிக்கை எழுதி, கூட்டம் போட்டு, அடுத்த பருவத்தில் கொடுப்பதென்றால், பொங்கலுக்கு ஒளிபரப்புகிறேன் என்று நான் சொன்னதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவர் பேசும் மொழியில், அவருடைய கைத்தொலைபேசிக்கு, அவர் செயல்படக்கூடிய நேரத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கு. டிரோன் ஓட்டுவதும் கணினிக்குப் படம் பழக்குவதும் இன்று பல பிள்ளைகளுக்கு ஆசை. நல்லது, படியுங்கள். கூடவே தாவர நோயியல் என்று ஒரு படிப்பு இருப்பதையும் பாருங்கள். இரண்டும் தெரிந்தவருக்கு வயல் காத்திருக்கிறது.

அங்கிளின் வயல் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று மாலையே எங்கள் ஒளிப்பதிவாளர் அந்தப் படங்களை அவருடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிட்டார். அவர் அந்த மூலைக்கு உரத்தை நிறுத்தி, மருந்தடித்து, பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். அறுவடைக்குப் பிறகு தொலைபேசியில் பேசினேன். "அந்த மூலையில் கொஞ்சம் போனது. மற்றது தப்பித்தது" என்றார். படம் இல்லாவிட்டாலும் அவர் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவேளை இரண்டு மூன்று நாள் தாமதமாகியிருக்கலாம். குலை நோய்க்கு இரண்டு மூன்று நாள் என்பது சின்ன விஷயமில்லை.

பொங்கல் நிகழ்ச்சியின் முதல் காட்சியாக அந்தப் பச்சை மூலைதான் வந்தது. நேயர்கள் பலர் அழகு என்று பாராட்டினார்கள். நான் மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் இலைக்கு அடியில் இருந்த புள்ளிகளையே நினைத்துக் கொள்வேன்.